பதின்மூன்றாவது செவ்வாய்

எங்கள் வீட்டில் ஆண்டவருக்கு ஒரேயொரு வேலைதான் கொடுக்கப்பட்டிருந்தது. பார்த்துக்கொள்வது. அரிசிப் பானையின் அடி தெரிந்தாலும், கூரை ஒழுகினாலும், எனக்குக் கணக்கில் முப்பத்தொரு புள்ளி வந்தாலும் அம்மா சொல்வது ஒன்றைத்தான்: "ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்." எனக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ் எனக்கு நன்றாக வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது. பார்த்துக்கொள்ளுவார் என்றால் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் விளங்கிவைத்திருந்தேன். இறங்குதுறை ஜெட்டியில் வேலையில்லாத ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கப்பல் வருவதையும் போவதையும் பார்ப்பார்களே, அப்படி ஆண்டவரும் மேலே நின்று எங்கள் வீட்டைப் பார்க்கிறார். பார்த்தால் மட்டும் போதுமா, இறங்கி வந்து ஒரு கை கொடுக்கக்கூடாதா என்பது என் மனக்குறை.

கை கொடுக்கவேண்டிய நிலைமைதான் அப்போது. அப்பா திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போய்வரும் லாஞ்சில் சுக்கான் பிடித்தவர். படிப்பிக்கப் போகிற டீச்சர்மார், மரக்கறி மூட்டைகள், சைக்கிள்கள், அலை அடித்தால் சத்தி எடுக்கிற பிள்ளைகள் எல்லோரையும் குடாவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அங்கே நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு வருவார். பிறகு தரைவழியில் ஆறுகளுக்கு மேலே பாலங்கள் வந்தன. பஸ் ஓடத் தொடங்கியது. ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். எங்கள் வீடும் சந்தோஷப்பட முயன்று பார்த்தது. நாளுக்கு நாலு ஓட்டமாக இருந்தது இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் ஆள் சேர்ந்தால் மட்டும் எடுப்பது என்று ஆனது. அப்பா காலையில் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் போவார். பத்து மணிக்குத் திரும்பி வந்து கதிரையில் இருந்து நகம் கடிப்பார். அவருடைய கவலை வாய்விட்டு வராது. நகம் முடிந்து தோலைக் கடிக்கத் தொடங்கினால் வீட்டு நிலைமை மோசம் என்று நானாக விளங்கிக்கொள்வேன்.

அடுத்த வளவில் மச்சாள் இருந்தாள். அப்பாவின் தங்கச்சி மகள். என்னைவிட நாலு மாதம் மூத்தவள், இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவளுடைய அம்மா, எனக்கு மாமி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. இரண்டு வருடத்தில் வருவதாகச் சொல்லித்தான் போனவர். வீட்டுக்காரர் விடவில்லையோ, மாமிக்குத்தான் இன்னும் கொஞ்சம் உழைத்துக்கொண்டு வரலாம் என்று பட்டதோ, வரவில்லை. மாமா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அவர் வேலைக்குப் போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் ஒரு ஒழுங்கு கிடையாது. ஆகவே மச்சாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், எங்கள் வீட்டில் படித்தாள், என் அம்மாவிடம் பேச்சு வாங்கினாள். படுக்க மட்டும் தன் வீட்டுக்குப் போவாள்.

சாமான்கள் எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. வருடத்தில் இரண்டு தடவை மாமியிடமிருந்து பெட்டி வரும். மிதித்தால் குதியில் லைட் எரிகிற சப்பாத்து. இரண்டு பக்கமும் திறக்கிற பென்சில் பெட்டி. புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வை. திருகோணமலை வெக்கையில் அதை எவர் போர்த்துவது என்று மாமி யோசிக்கவில்லை, மச்சாளும் யோசிக்காமல் வியர்க்க வியர்க்கப் போர்த்துக்கொண்டு படுத்தாள். இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது ஒரு கொப்பி. அதன் தாள்கள் ரோஸ் நிறம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சின்னப் பூனை இருக்கும். மூக்கருகில் பிடித்தால் ஸ்ட்ரோபெரி வாசம் வரும். அது ஸ்ட்ரோபெரி வாசம் என்று கொப்பியில் எழுதியிருந்ததால்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பழத்தை நாங்கள் இரண்டு பேருமே கண்டதில்லை.

மச்சாள் கஞ்சத்தனம் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ கேட்காமலே சூயிங்கம் தருவாள், சப்பாத்தைப் போட்டு நடந்து பார் என்பாள். நான் நடந்து பார்ப்பேன், லைட் எரியும். கழற்றிக் கொடுக்கும்போது எனக்கு வயிறும் எரியும்.

அவளிடம் எனக்குக் குற்றம் சொல்ல இருந்தது ஒன்றுதான், அது அவளுடைய தலைமயிர். காலையில் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தலை இழுத்துப் பின்னிவிடுவார். எனக்கு முதலில். நான் இரண்டு நிமிடத்தில் எழும்பி ஓடிவிடுவேன், சிக்கெடுக்க என்னை அமத்திப் பிடிப்பதே அம்மாவுக்குப் பெரும்பாடு. மச்சாள் அப்படியில்லை. அம்மாவின் முழங்காலுக்கு நடுவே ஆடாமல் இருப்பாள். பின்னி முடித்ததும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இந்தப் பக்கம் கோணல், மாமி" என்பாள். அம்மா அவிழ்த்து மறுபடி பின்னுவார். சில நாளில் மூன்று தடவை. நான் கேற்றடியில் புத்தகப் பையோடு நின்று பல்லைக் கடிப்பேன். இவளுக்கு என்ன பெரிய ஸ்டைல் என்று வரும் எனக்கு.

ஜூன் மாதத்தில் அந்தோனியார் திருநாள். அதற்கு முன்னால் வருகிற பதின்மூன்று செவ்வாய்க்கிழமையும் பின்னேரத்தில் எங்கள் கோயிலில் நவநாள் செபம் நடக்கும். அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே ஒரு வெட்டு. அதற்குள் ஆட்கள் தங்கள் மன்றாட்டைத் துண்டில் எழுதிப் போடுவார்கள். செவ்வாய் தோறும் பங்குச் சுவாமி பெட்டியைத் திறந்து மேலாகக் கிடக்கிற நாலைந்தை எடுத்து மைக்கில் வாசிப்பார். வாசித்ததும் வாசிக்காததும் அப்படியே உள்ளே கிடக்கும். கடைசிச் செவ்வாயன்று எல்லாவற்றையும் கோயில் வளவில் போட்டு எரிப்பார்கள். எரிந்த புகை நேரே மேலே போகும்.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. கோயில் சட்டமல்ல, சுவாமி அதை ஒப்புக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை. பிள்ளைகளும் பெண்களும் வைத்திருந்த சட்டம். ஒரே மன்றாட்டைப் பதின்மூன்று செவ்வாயும் விடாமல் போட்டால் அந்தோனியார் மறுக்கமாட்டார். ஒரு செவ்வாய் தவறினால் முன்பு போட்டதெல்லாம் வீண். அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பதின்மூன்று தடவை ஒன்றையே எழுதுகிற பொறுமை எனக்கு இல்லை. ஒரு தடவை எழுதினாலும் உறுதியாக எழுதவேண்டும் என்று முடிவெடுத்தேன். சப்பாத்து, பென்சில் பெட்டி, கொப்பி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஏதாவது விட்டுப்போகும். இரண்டு நாள் யோசித்து, ஏழாவது செவ்வாயன்று, கணக்குக் கொப்பியில் கிழித்த ஒரு துண்டில் எழுதிப் போட்டேன்: "மச்சாளுக்குக் கிடைக்கிறதெல்லாம் எனக்கும் கிடைக்கவேணும்." அந்த 'எல்லாம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரே சொல்லில் முழுப் பெட்டியையும் வளைத்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் அம்மா கோயிலுக்கு உடுக்கிற சேலையை வேலை நாளில் உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த நாட்களில் வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துபோனார். பாஸ்போட், மெடிக்கல் என்ற சொற்கள் வீட்டுக்குள் நடமாடத் தொடங்கின. ஒரு பின்னேரம் குசினிக்குள் இருவரும் கதைத்தது எனக்குக் கேட்டது.

"திருநாள் முடிஞ்ச கிழமை பிளைட்டாம்" என்றார் அம்மா.

அப்பா விரல் நகத்தைக் கடித்தார். "போகாதை எண்டு சொல்ல எனக்கு விருப்பம். எதை வைச்சுச் சொல்லுறது?" என்றார்.

"ரெண்டு வருசம்தானே. உங்கட தங்கச்சியும் குவைத்தில போய் இருக்கேல்லையே? பிள்ளையள் ரெண்டையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்."

முதலில் என் மனதில் வந்தது சப்பாத்துத்தான். இதை மறைத்து என்ன? அம்மா குவைத்துக்குப் போகிறார், எனக்குப் பெட்டி வரும், குதியில் லைட் எரியும். அன்று சாப்பாடுகூட வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், குசினியில் இருந்த டின்கள் எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. மா, சீனி, மிளகாய்த்தூள், பருப்பு என்று அம்மாவின் எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் எந்த டின்னுக்குள் என்ன இருக்கிறது என்பது அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். இது அப்பாவுக்காக எழுதியது. டின்னைப் பார்த்து வாசிக்கவேண்டியிருக்கும், கேட்பதற்கு அம்மா இருக்கமாட்டார். உப்பு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் என் துண்டு எனக்கு ஞாபகம் வந்தது. மச்சாளுக்குக் கிடைக்கிறதெல்லாம். அம்மா இல்லாத வீடும் மச்சாளுக்குக் கிடைத்ததுதானே. நான் பிரித்துக் கேட்கவில்லை. எல்லாம் என்று கேட்டேன்.

இத்தனை காலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், என் துண்டைக் கண்டதும் இறங்கி வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். எரிக்காமலே இவ்வளவு வேகம் என்றால், எரித்துப் புகை மேலே போனபிறகு தடுக்கவே ஏலாது. கடைசிச் செவ்வாய்க்கு ஐந்து நாள்தான் இருந்தது. அதற்குள் துண்டைத் திருப்பி எடுக்கவேண்டும்.

பூட்டைத் திறக்க ஏலாது. வெட்டுக்குள்ளே என் இரண்டு விரல்தான் போகும். ஒட்டுகிற சாமான் ஏதாவது வேண்டும் என்று யோசித்தால், வீட்டில் பசை இல்லை. கடைசியில் மச்சாளின் சூயிங்கம்தான் கதி என்று ஆனது. அவளிடம் போய், மன்றாட்டில் ஒரு பிழை விட்டுவிட்டேன், திருத்தவேண்டும் என்று மட்டும் சொன்னேன். என்ன பிழை என்று அவள் கேட்கவில்லை. அம்மா போகப்போகிற கதை வந்ததிலிருந்தே அவள் அதிகம் பேசாமல் இருந்தாள். எனக்குப் பெட்டி வரப்போகிறது என்ற எரிச்சலாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குள் நின்றோம். மச்சாள் சூயிங்கத்தை நன்றாக மென்று, விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கின் நுனியில் உருட்டி ஒட்டினாள். நான் கதவடியைப் பார்க்க, அவள் வெட்டுக்குள் ஈர்க்கை விட்டாள். அந்தோனியார் குழந்தை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

துண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவருக்கு மகனின் விசா சரிவரவேண்டும். ஒருவருக்குக் கால் வீக்கம். ஒருவர் பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைக்காமல் இருக்க மன்றாடியிருந்தார். பிறகு ஒரு ரோஸ் தாள் வந்தது. மூலையில் பூனை. அதற்குப் பின்னால் இன்னொன்று. நாங்கள் துழாவத் துழாவ ரோஸ் தாள்களாகவே வந்தன. மச்சாள் அவற்றை மடியில் போட்டு மூடினாள். நான் விடவில்லை, பறித்து விரித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வசனம்: "அந்தோனியாரே, அம்மாவை வரச்சொல்லுங்கோ." மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டிருந்தாள். நான் எண்ணினேன். பன்னிரண்டு.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு நல்ல தாளில் பன்னிரண்டைக் கிழித்துவிட்டு, அதில் ஒரு சாமான்கூடக் கேட்கவில்லையே இவள் என்று தோன்றியது.

கடைசியில் என்னுடைய துண்டு வந்தது. கணக்குக் கொப்பியின் கட்டம் போட்ட தாள். நான் கை நீட்டுவதற்குள் மச்சாள் விரித்து வாசித்துவிட்டாள். முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"இதாலயே மாமி போறா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவளுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

துண்டை மடித்தவள், "சப்பாத்தையும் கொப்பியையும் நீயே வைச்சிரு" என்றாள். பிறகு, "மாமி போனா எனக்கு ஆர் தலை இழுக்கிறது?" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. என் அம்மா போகப்போகிறார், நான் பயத்தில் சாகிறேன், இவளுக்கு இப்போதும் தன் தலைமயிர்தான் கவலை. துண்டைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளே இருந்து மற்றவர்களின் துண்டுகளையும், தன்னுடைய பன்னிரண்டையும், இலக்கப்படி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஆறுதலாக வந்தாள்.

துண்டை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. எரித்தால் புகை மேலே போகும். கிழித்துப் போட்டால் காற்றில் போகும், போய் எங்கே சேருமோ. அந்த நேரத்தில் கோயில் வளவுக்குள் ஒரு மான் நின்றது. கோட்டைப் பக்கமிருந்து வருகிற மான்கள் எங்கள் தெருக்களில் ஆடுமாடு மாதிரித் திரியும், காகிதம் என்றால் அவற்றுக்கு உயிர். நான் துண்டை நீட்டினேன். அது மோந்து பார்த்துவிட்டு, வாயில் வாங்கி, என்னைப் பார்த்தபடியே மென்று விழுங்கியது. மான் தின்ற மன்றாட்டு பரலோகத்துக்குப் போக வழியே இல்லை. அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாக நித்திரை வந்தது.

கடைசிச் செவ்வாயன்று கோயில் நிறைந்த சனம். அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும் முன் வாங்கில் இருந்தோம், அப்பா ஆண்கள் பக்கத்தில். சுவாமி பெட்டியைத் திறந்து மேலே கிடந்ததை எடுத்தார். அது ரோஸ் தாள். பன்னிரண்டு கிழமையாக ஒரு தடவையும் வாசிக்கப்படாதவளுடைய துண்டு, கடைசி நாளில் முதல் ஆளாக வந்துவிட்டது. இவளுக்கு இதிலும் அதிர்ஷ்டம் என்று எனக்குள் பழையபடி எரிந்தது. சுவாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"அந்தோனியாரே, என்ர மாமியைப் போக விடாதேங்கோ. மற்றதை நான் கேக்கேல்லை."

மற்றது என்னவென்று விளங்காமல் சுவாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த துண்டை எடுத்தார்.

நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை இழுக்க ஆள் வேண்டுமென்று அந்தோனியாருக்கே எழுதிவிட்டாளே என்று நினைத்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. நவநாள் முடிந்து எல்லோரும் வளவில் போய்த் துண்டுகள் எரிவதைப் பார்த்தார்கள். அம்மா வரவில்லை, வாங்கை விட்டு எழும்பவே இல்லை. மச்சாளின் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அம்மாவுக்கு மற்றப் பக்கம் வெறுமையாக இருந்ததால் நானும் அம்மாவின் மற்றக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கடற்கரை வீதியில் வைத்து அம்மா சொன்னார்.

"இஞ்சாருங்கோ, நான் போகேல்லை. அந்த ஏஜென்சி ஆள் நாளைக்கு வந்தா சொல்லிவிடுங்கோ."

அப்பா நின்றுவிட்டார். "அப்ப என்ன செய்யிறது?"

"ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்."

"அவர் பார்ப்பார். நாங்கள் என்ன செய்யிறது எண்டு கேட்டனான்."

"இடியப்பம் அவிப்பம்" என்றார் அம்மா.

அப்படியேதான் நடந்தது. விடியுமுன்னே அம்மா எழும்பி மா குழைப்பார், அப்பா இடியப்ப உரலைப் பிழிவார், பிறகு சைக்கிளில் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவார். சுக்கான் பிடித்த கைக்கு உரல் பிழிவது பெரிய வேலையா என்று தன்னைத் தானே பகிடி பண்ணிக்கொள்வார். அந்த வருடம் எங்களுக்கு நல்லாகக் கஷ்டந்தான். மீன் வாங்காத நாட்கள் இருந்தன. எனக்குச் சப்பாத்து கிடைக்கவில்லை. பிற்பாடு வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற படகுகள் வந்தபோது, குடாவை உள்ளங்கைபோலத் தெரிந்த ஆள் தேவைப்பட்டு அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் பார்த்துக்கொண்டார் என்று அம்மா சொல்வார். இடியப்பம் பார்த்துக்கொண்டது என்று அப்பா சொல்வார். ஒரு நாள் மாக் குழைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா வேறொன்றும் சொன்னார். "ஆண்டவரைப் பார்க்கச் சொல்லிப்போட்டு, நான் பார்க்காமப் போகப்பார்த்தனான், பிள்ளை." அது எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் அதைக் கேட்கும் மனநிலையிலும் இல்லை. அம்மாவைப் போகவிடாமல் தடுத்தது நானும் மானும்தான் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்தக் கதையை எத்தனை வீட்டு விசேஷங்களில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சூயிங்கம், ஈர்க்கு, மான் என்று கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுவேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். மச்சாளும் சிரிப்பாள். அவளுடைய அம்மா அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அதற்கடுத்த வருடம் வந்து விமானத்தால் இறங்கியபோது, மகளை அடையாளம் கண்டுபிடிக்க மாமிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இப்போது அதே கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். போன வருடம் ஒரு சிறுமி வகுப்பில் இருந்து விம்மி விம்மி அழுதாள். காய்ச்சலால் ஒரு செவ்வாய் தவறிவிட்டதாம். "எட்டுக் கிழமை போட்டனான் டீச்சர், இனி எல்லாம் வீண்" என்றாள். அப்படியெல்லாம் இல்லை பிள்ளை, அந்தோனியார் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனவள், பாதி வசனத்தில் நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு ரோஸ் தாள்களை நான் என் கையால் எண்ணியிருக்கிறேன். பதின்மூன்றாவதை என் காதால் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கிறது. பதின்மூன்றும் நிறைய மச்சாளுக்கு இன்னும் ஒரேயொரு தாள்தான் மிச்சம் இருந்தது. அதை என் அம்மாவுக்காக எழுதிப் போட்டாள்.

அந்த நவநாளுக்கு அடுத்த நாள் காலையை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். நான் கேற்றடியில் பையோடு நிற்கிறேன். மச்சாள் அம்மாவின் முழங்காலுக்கு நடுவே இருக்கிறாள். அம்மா பின்னி முடித்து றிபன் கட்டுகிறார். மச்சாள் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கோணல், மாமி" என்கிறாள். அம்மா அவளுடைய உச்சியில் ஒரு தடவை முகம் வைத்துவிட்டு, அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்குகிறார். பள்ளிக்கூட மணி அடிக்கப்போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கோணலே இல்லை, இரண்டு பக்கமும் நேராகத்தானே இருக்கிறது என்று கேற்றடியிலிருந்து கத்துகிறேன்.